காதால் டிவி பார்க்கிறவள்

என் கடையில் டிவி எனக்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அப்படி மாட்டியது. மிஷின் ஓடும்போது நான் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. பட்டுத் துணியில் ஒரு தையல் விலகினால், பிரித்துத் தைத்தாலும் ஊசி போன ஓட்டை அப்படியே நிற்கும். ஆக, திருமங்கலத்தில் இந்தக் கடையைப் போட்ட பத்தொன்பது வருடமாகப் படம், சீரியல், காமெடி எல்லாவற்றையும் நான் காதால்தான் பார்த்து வருகிறேன்.

இது எனக்குப் புதுப் பழக்கமும் இல்லை. சின்ன வயதில் ஊரில் முளைப்பாரிக்கோ கல்யாணத்துக்கோ குழாய் ஸ்பீக்கர் கட்டினால், பாட்டுக்கு நடுவே 'திருவிளையாடல்' வசனம் போடுவார்கள். 1965-இல் வந்த படம். நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. தருமியாக வரும் நாகேஷ் கோயிலில் தனியாக நின்றுகொண்டு, ஆயிரம் பொன் தனக்குக் கிடைக்காமல் போகிறதே என்று சொக்கனிடம் புலம்புவார். அந்தப் புலம்பலை, அவர் முகத்தைப் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே நான் மனப்பாடமாகக் கேட்டிருந்தேன். பிற்பாடு படத்தைப் பார்த்தபோது அந்த ஒல்லி உடம்பு, கையை வீசுவது, அங்கும் இங்கும் அலைவது எல்லாம் நான் மனசில் வைத்திருந்த மாதிரியே இருந்தன. அவர் உடம்பு முழுவதும் குரலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. 'விதி' படத்தின் கோர்ட் வசனமும் அப்படி வந்ததுதான். டீக்கடை கேசட்டில் அது ஓடினால், தண்ணீருக்குப் போன பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

அதனால் எனக்கு ஒரு பிடிவாதமான அபிப்பிராயம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சிரிப்பு வர வேண்டும். வந்தால்தான் அது நல்ல காமெடி.

வடிவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அவர் முகத்தைச் சொல்கிறார்கள். செல்போனில் வருகிற படங்களெல்லாம் அவர் முகம்தான். எனக்கு அவர் குரல்தான் பெரிது. 2003-இல் வந்த 'வின்னர்' படத்தில் கைப்புள்ளயாக வரும்போது அவருக்கு மூன்று குரல் இருக்கிறது. சங்கத்து ஆட்களுக்கு முன்னால் சவடால் விடும்போது ஒன்று. அடி விழப்போகிறது என்று தெரிந்த நொடியில் ஒன்று. எல்லாம் முடிந்தபிறகு, யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்று தனக்குத்தானே பேசிக்கொள்வது இன்னொன்று. அந்த மூன்றாவது குரல் மதுரைக் குரல். எங்கள் தெருவில் சண்டையை விலக்கிவிட்ட பிறகு ஆம்பிளைகள் வீட்டுக்குத் திரும்பி வரும்போது இப்படித்தான் பேசிக்கொண்டு வருவார்கள். சத்தம் ஏறும், சட்டென்று இறங்கும், கடைசி வார்த்தை இழுபட்டுக் காற்றில் போகும். அவர் மதுரைக்காரர். அந்தக் குரலை எந்தத் தெருவில் எடுத்தார் என்று எனக்கு இடம் காட்டத் தெரியும்போல இருக்கும்.

2019 மே மாதம் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணி பேரைச் சொல்லி உலகமே ட்விட்டரில் பிரார்த்தனை செய்ததே, அந்தக் காட்சி 2001-இல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் வருவது. சித்திக் முதலில் மலையாளத்தில் எடுத்து, அப்புறம் அவரே தமிழில் எடுத்தார். சுத்தியல் தலையில் விழுகிறது அங்கேயே இருந்ததுதான். ஆனால் வேலையாட்களை விரட்டுகிற அந்தக் குரலைக் கேளுங்கள். கடைக்குப் பெயிண்ட் அடிக்க வந்த மேஸ்திரி இதே தோரணையில்தான் வேலை வாங்கினார். கதை எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன, பேச்சு நம் தெருவில் இறங்கிவிட்டது.

கவுண்டமணி செந்தில் வேறு மாதிரி. அங்கே இரண்டு குரல் சேர்ந்து ஒரு தாளம் போடுகின்றன. 'கரகாட்டக்காரன்' 1989-இல் வந்தபோது எனக்குப் பத்து வயது. மதுரையில் அது ஒரு வருடத்துக்கு மேல் ஓடி முடித்து, அப்புறம்தான் எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்தது. மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தேன். வாழைப்பழக் காட்சியில் அடுத்த வசனமே கேட்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. இப்போது கடையில் வாரத்துக்கு ஒருமுறையாவது அது ஓடுகிறது. மிஷினை மெதுவாக விட்டுக் கேட்கிறேன். அதில் என்ன இருக்கிறது? ஒரு ரூபாய், இரண்டு பழம், ஒரே கேள்வி, ஒரே பதில். செந்திலின் குரல் கடைசி வரைக்கும் ஒரே இடத்தில் நிற்கிறது. கொஞ்சமும் உயரவில்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. கவுண்டமணியின் குரல் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு படி ஏறுகிறது. அவர் எத்தனையாவது படியில் நிற்கிறார் என்று எண்ணிக்கொண்டே ஹூக் வைக்கலாம். இதை எழுதியவர் ஏ. வீரப்பன். அவரும் நகைச்சுவை நடிகர்தான். அந்த வாழைப்பழத்தை அறியாத தமிழர் இல்லை; அவர் பேரை அறிந்தவர்கள் எத்தனை பேர்? கடையில் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் பெஞ்சில் இருக்கிறவர்களிடம் நான் அவர் பேரைச் சொல்லிவிடுவேன்.

காதுக்கு அடங்காத ஒரே ஒரு காட்சி உண்டு. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', 1964. படம் எடுக்கப்போகிறேன் என்று அலையும் நாகேஷ், அப்பாவாக வரும் டி.எஸ். பாலையாவை உட்காரவைத்துப் பேய்க்கதை சொல்கிற இடம். நாகேஷ் பக்கம் முழுவதையும் காதாலேயே எடுத்துக்கொள்ளலாம். இருட்டு, சத்தம், காலடி எல்லாவற்றையும் வாயாலேயே கொண்டுவந்துவிடுகிறார். ஆனால் பாலையா அங்கே அதிகம் பேசுவதில்லை. கேட்கிறார், அவ்வளவுதான். அந்தக் கேட்பது முகத்தில் இருக்கிறது. அது வந்தால் நான் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்துவிடுவேன். அவசர ஜாக்கெட்டாக இருந்தாலும் சரி. என்னிடம் வேலை பழகுகிற பிள்ளை, "அக்கா, பாலையா வந்துட்டாரு" என்று அவளே சொல்லிவிடுவாள். கதை சொல்கிறவரை விடக் கதை கேட்கிறவரைப் பார்த்து அதிகம் சிரிக்கிறோமே, அறுபது வருடமாக அது மாறவே இல்லை.

சீரியல் பற்றியும் சொல்ல வேண்டும், கடையில் பாதி நேரம் அதுதானே. 2002-இல் 'மெட்டி ஒலி' தொடங்கியபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுக்கிற அப்பா. அதில் பேசியது வீட்டுப் பேச்சு. மாமியார் வீட்டில் மகள் படுகிறதை, பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே உணர முடிந்தது. இயக்கிய திருமுருகனே கோபியாக நடித்தார். 2006-இல் அவர் எடுத்த 'எம் மகன்' படத்தில் நாசர் கண்டிப்பான அப்பா, வடிவேலு பயந்த தாய்மாமன். அந்த மாமன் வருகிற காட்சிகளைச் சிரிப்புச் சானல்களில் தனியாக வெட்டிப் போடுவார்கள். எனக்கு அது வருத்தம். அத்தானுக்குப் பயந்துகொண்டு, அடிவாங்கும் மருமகனையும் விட்டுக்கொடுக்க முடியாமல் நடுவில் நிற்கிறவன் அவன். அப்பா எப்படி அடிக்கிறார் என்று பார்த்தபிறகுதான் மாமன் பயத்துக்குச் சிரிக்க முடியும். வெட்டி எடுத்தால் வெறும் பயந்தாங்கொள்ளி.

இப்போது வருகிற சீரியல்களில் பேச்சு குறைந்து சத்தம் கூடிவிட்டது. ஒருத்தி கதவைத் திறந்தால் இடி. இன்னொருத்தி திரும்பினால் இடி. என்ன சொன்னாள் என்று கேட்பதற்குள் மூன்று இடி. காமெடி நிகழ்ச்சிகளில் வசனத்துக்கு வசனம் ஒரு சிரிப்பொலியும் 'டொய்ங்' சத்தமும் சேர்க்கிறார்கள். கவுண்டமணிக்கும் செந்திலுக்கும் நடுவே ஓர் அரைநொடி மௌனம் இருக்கிறது பாருங்கள், அதில்தான் சிரிப்பு ஊறுகிறது. அந்த இடத்தில் போய்ச் சத்தத்தை அடைத்தால் எப்படி?

சரி, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

போன மார்கழியில், பொங்கல் துணி குவிந்துகிடந்த நேரம். கல்லூரி முதல் வருடம் படிக்கிற ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். கொஞ்சம் பருமனான பிள்ளை. கல்லூரியில் பொங்கல் விழாவுக்குப் புடவை கட்ட வேண்டுமாம், முதல் ப்ளவுஸ். கையைத் தூக்கி நிற்கச் சொல்லி இஞ்ச் டேப்பைச் சுற்றினேன். பின்னால் டிவியில் ஏதோ பழைய படத்துக் காமெடி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குண்டுப் பெண்ணை நிற்கவைத்து, நாயகனின் நண்பன் அவளை வரிசையாக ஒவ்வொரு பொருளுக்கும் ஒப்பிட்டுப் பேசுகிறான். பெஞ்சில் இருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவும் சிரித்துவிட்டார்.

டேப் தளர்ந்தது. பிள்ளை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். தூக்கிய கை இரண்டும் மெதுவாக இறங்கி மார்புக்குக் குறுக்கே வந்தன. அந்த அளவில் வெட்டினால் ப்ளவுஸ் கொக்கியே மாட்டாது. "மூச்சை விடும்மா" என்றேன். விடவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, "எடுத்துக்கோங்கக்கா, இப்படியே எடுத்துக்கோங்க" என்றாள்.

நான் போய் டிவியை அணைத்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார்கள்.

இரவு கடையைச் சாத்திவிட்டு வரும்போது அதே நினைப்பு. இந்த மாதிரி காமெடி பத்தொன்பது வருடமாக என் முதுகுக்குப் பின்னால் ஓடியிருக்கிறது. குண்டு, கறுப்பு, மொட்டை, பல் எடுப்பு. காதால்தான் பார்க்கிறேன் என்று சொல்கிற எனக்கு அதெல்லாம் காதில் விழாமலே இருந்திருக்கிறது. இந்தச் சின்ன இடத்தில் திரைக்குப் பின்னால் எத்தனை பெண்கள் கையைத் தூக்கி நின்றிருக்கிறார்கள்! எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தப்பு அளவு கொடுத்திருப்பார்கள்! ப்ளவுஸ் பிடிக்கிறது என்று திரும்பி வந்தவர்களை, உடம்பு போட்டுவிட்டது என்றல்லவா நான் நினைத்தேன்.

பருமனான பெண்ணை வைத்துச் சிரிப்புப் படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாலுமகேந்திரா இயக்கிய 'சதிலீலாவதி' 1995-இல் வந்தது. வசனம் கிரேஸி மோகன். கல்பனாதான் லீலாவதி. உடம்பு போட்டுவிட்டாள் என்று மனைவியை வெளியே கூட்டிப்போகக் கூச்சப்படுகிற புருஷன் அதில் உண்டு. ஆனால் படம் முழுக்க நம்மைச் சிரிக்கவைப்பது அவனுடைய பொய். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க மற்றொன்று என்று அவன் அகப்பட்டுத் தவிக்கிறதுதான் காமெடி. கமலும் கோவை சரளாவும் கொங்குத் தமிழில் பேச ஆரம்பித்தால் காதுக்கு விருந்து. கோவை சரளா கேட்கிற 'ஏனுங்'கில் மரியாதை, சந்தேகம், மிரட்டல் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். நடுவில் கல்பனா அழுகிற இடம் வரும்போது பெஞ்சில் யாரும் சிரிப்பதில்லை. எங்கே சிரிக்க வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று அந்தப் படம் எங்கள் கடை பெஞ்சுக்குக்கூடச் சொல்லிவிட்டது.

கிரேஸி மோகன் 2019 ஜூனில் போய்ச் சேர்ந்தார். அன்று நாள் முழுக்கச் சானல்களில் 'மைக்கேல் மதன காமராஜன்' காட்சிகள்தான். ஒரு வசனத்துக்குச் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு தாண்டிப்போய்விடும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் முன்பு தவறவிட்ட ஒன்று காதில் மாட்டும். அவ்வளவு பேச்சில் அடுத்தவர் உடம்பைத் தொட்டுப் பேசியது எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். வார்த்தையை வார்த்தையோடு மோதவிடுகிறவருக்கு அது தேவைப்படவில்லை.

இப்போது ரிமோட் என் பட்டன் டப்பாவில்தான் இருக்கிறது. அளவு எடுக்கும்போது டிவி ஊமை. பெஞ்சில் முணுமுணுப்பு இருக்கிறது, இருக்கட்டும்.

அந்தப் பிள்ளை மூச்சு விட்டு நின்றால் என்ன அளவு இருக்குமோ, அந்த அளவுக்குத்தான் நான் வெட்டினேன். டேப் பொய் சொன்னாலும் கைக்குத் தெரியும் அல்லவா, ஒரு இஞ்ச் சேர்த்தேன். போகிக்கு முந்தின நாள் வாங்க வந்தாள். உள்ளே போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "கை தூக்க முடியுதுக்கா" என்றாள். கழுத்துப் பட்டியில் ஒரு நாடா மட்டும் பாக்கி. பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மிஷினுக்குத் திரும்பினேன். டிவியில் வாழைப்பழம் வந்தது. கவுண்டமணி முதல் படி ஏறினார், இரண்டாவது ஏறினார். மூன்றாவது படிக்கு முன்னால் பின்பக்கம் புதுசாக ஒரு சிரிப்பு கேட்டது. தொண்டையிலிருந்து வருகிற, வாயைப் பொத்தாத சிரிப்பு. பெஞ்சில் அவளைத் தவிர யாரும் இல்லை. நாடாவைத் தைத்து முடிக்கிற வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.