மழை படாத இடத்துலதான் தகரம் முதல்ல போகும்: எங்க வீட்டு கூரை மாத்தின அனுபவம்

எங்க வீடு பர்மாவுல இருக்கற சைக்கமில, கடற்கரைக்கு நடந்தா பத்து நிமிஷம் கூட ஆகாது. வெள்ளைக்காரன் காலத்துல ஆம்ஹர்ஸ்ட்னு சொன்ன ஊர், கடலுக்குள்ள இருக்கற யேலே பயா புத்தர் கோயிலுக்கு வந்தவங்களுக்கு தெரிஞ்சிருக்கும். மோன் மாநிலத்து மழையை தமிழ்நாட்டு சொந்தக்காரங்ககிட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க. பக்கத்துல மோல்மேன்ல வருஷ சராசரி 4800 மில்லிமீட்டர் கிட்ட வருது, சென்னைல 1400 தான். அதுலயும் ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு மாசம் மட்டும் ஒவ்வொண்ணுலயும் 1000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டிடும், மே நடுவுல ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் துணி காயாது, சுவர் காயாது, தலகாணி கூட ஒரு வாடை அடிக்கும். இப்படிப்பட்ட ஊர்ல கூரை போச்சுன்னா வீடே போச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி சமையக்கட்டு தவிர எங்க வீட்டு கூரையை முழுசா பிரிச்சு மாத்தினோம், அதுல நான் பட்டது, கத்துக்கிட்டது எல்லாம் எழுதி வைக்கறேன், கடலோரத்துல இருக்கற யாருக்காவது உதவும்.

அப்பா கட்டின வீடு. கைமரம் எல்லாம் பியிங்கடோ, அதாவது நம்ம ஊர்ல இருள் மரம்னு சொல்றது, இரும்பு மாதிரி கெட்டி. மேல அலை அலையா இருக்கற சாதா தகரம், ஆணி அடிச்சது. அப்பா இருந்தவரைக்கும் அவரே ஏறி பாத்துப்பார், அவர் போனதுக்கு அப்புறம் அம்மாவும் நானும்தான், தம்பி ரங்கூன்ல வேலை. நாலஞ்சு வருஷம் யாரும் மேல ஏறலை. அப்புறம் ஒரு ஜூலைல சாமி மாடத்துக்கு நேர் மேல சொட்ட ஆரம்பிச்சுது, முருகன் படத்துக்குள்ள தண்ணி போய் கண்ணாடிக்கு பின்னாடி பூஞ்சை பிடிச்சு முகமே தெரியாம போச்சு. அம்மா அன்னைக்கு அழுதாங்க. அது கல்யாணமாகி வந்த புதுசுல அப்பா மோல்மேன்ல வாங்கி குடுத்த படம்.

முதல்ல எல்லாரும் செய்யறதைத்தான் நாங்களும் செஞ்சோம், ஒரு ஆளை கூப்பிட்டு சொட்டற இடத்துக்கு நேர் மேல தார் பூசினோம். நிக்கலை. திரும்ப பூசினோம், அடுத்த வாரம் ரெண்டு அடி தள்ளி சொட்டுச்சு. அந்த மழைக்காலம் முழுக்க அஞ்சு பாத்திரம் வச்சு ஓட்டினோம். அதுக்கப்புறம் ஜனவரில ஒரு விடியக்காலை, மழையே இல்லாத நாள்ல, அம்மா கட்டில் மேல சொட்டு விழுந்துச்சு. எனக்கு நிஜமாவே பயமாயிடுச்சு, மழை இல்லாம எப்படி ஒழுகும்?

அப்பதான் ஊர்ல இருக்கற வயசான ஒரு லெத்தமா, தச்சுவேலை செய்யறவர், மோன்காரர், அவரை கூப்பிட்டேன். அப்பாவுக்கு பழக்கமானவர், நான் சயான்னு கூப்பிடுவேன், அவர் என்னை தமீன்னு, மகளேன்னு அர்த்தம், கூப்பிடுவார். வந்தவர் மேல ஏறலை. நேரா உள்ள வந்து மச்சுல ஏறி, ஜன்னல் கதவு எல்லாத்தையும் சாத்த சொல்லி, இருட்டுல அஞ்சு நிமிஷம் உக்காந்தார். என்னையும் ஏற சொன்னார். கண்ணு பழகினதும் பாத்தா ராத்திரி வானம் மாதிரி அங்கங்க புள்ளி புள்ளியா வெளிச்சம். நான் முப்பது வரைக்கும் எண்ணி விட்டுட்டேன். ஒவ்வொண்ணும் ஆணி ஓட்டை, இல்லைன்னா ரெண்டு தகரம் மேல மேல வர்ற ஓரம். தண்ணி ஒரு ஓட்டைல இறங்கி கைமரத்தோட வழிஞ்சு ஆறடி தள்ளி சொட்டும் தமீ, சொட்டற இடத்துக்கு மேல பூசினா என்ன பிரயோஜனம்னு கேட்டார். ஜனவரில விழுந்தது ஒழுகலே இல்லையாம். பனிக்காலத்து ராத்திரில தகரம் குளிர்ந்து போயிடும், வீட்டுக்குள்ள இருக்கற ஈரக்காத்து அதுல பட்டு வேர்த்து சொட்டுது. அதுக்கு வைத்தியம் தார் இல்ல, காத்து போக வழி.

அப்புறம் வெளிய கூட்டிட்டு போய் இறவாரத்துக்கு அடில, தகரத்தோட உள்பக்கத்தை விரலால சுரண்டினார். பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கைல வந்துச்சு. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். மழை நேரா அடிக்கற மேல்பக்கம் மங்கி போயிருந்துச்சே தவிர பரவால்ல, மழைத்தண்ணியே படாத அடிப்பக்கம்தான் செத்துப் போயிருந்துச்சு. காரணம் உப்பு. கடல்காத்துல வர்ற உப்பு எல்லா இடத்துலயும் படியுது, மேல படியறதை மழை கழுவிடும், அடில படியறதை யார் கழுவறது? அது அங்கயே ஈரத்தை இழுத்து வச்சுக்கிட்டு வருஷம் முழுக்க தின்னும். இது புரிஞ்ச அன்னைக்குதான் கூரையைப் பத்தி நான் நினைச்சுக்கிட்டு இருந்தது எல்லாம் மாறுச்சு.

சரி, மாத்தணும். எதை போடறது? தம்பி போன்ல காங்கிரீட் தளம் போட்டுடலாம் அக்கான்னான். எங்க கைமரமும் தூணும் அந்த பாரம் தாங்காது, வீட்டையே இடிச்சு கட்டணும், போதாததுக்கு கடலோரத்துல உப்பு காங்கிரீட்டுக்குள்ள இறங்கி உள்ள இருக்கற கம்பி துருவேறி வீங்கி காரை பெயர்ந்து விழறதை பாத்திருக்கேன், கலவைக்கு கடல் மணல் போட்டிருந்தா இன்னும் சீக்கிரம். ஓடு அழகுதான், உப்புல துருவேறாது, ஆனா அதுவும் பாரம். டனி ஓலை, அதாவது நிப்பா பனை ஓலை, போடலாம்னு அம்மா சொன்னாங்க, குளுகுளுன்னு இருக்கும், மழை சத்தமும் கேக்காது, துருப் பிரச்சினையும் இல்ல, ஆனா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும், தீ பயம் வேற. பக்கத்து வீட்டுல பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மாவே தரேன்னாங்க, அதை வேண்டவே வேண்டாம்னுட்டேன். அதை அறுக்கும்போது பறக்கற தூசி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா பல வருஷம் கழிச்சு புத்துநோயா வரும், காசு மிச்சம்னு அந்த வேலையை யாரும் பண்ணாதீங்க.

கடைசில தகரமேதான், ஆனா வேற தகரம். சாதா தகரத்துல வெறும் துத்தநாகப் பூச்சு. இப்ப கிடைக்கற இன்னொரு வகைல அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசறாங்க, 55 சதவீதம் அலுமினியம், 43 சொச்சம் துத்தநாகம், கொஞ்சூண்டு சிலிக்கான். அதுக்கு மேல கலர் பெயிண்ட். ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு இருக்கறதை ஏஇசட் 150ன்னு சொல்லுவாங்க, கடை கடையா போய் இந்த நம்பரைத்தான் கேட்டேன். கடலுக்கு பக்கத்துல இதுவும் சாகாவரம் வாங்கிட்டு வந்தது இல்ல, ஆனா சாதா தகரத்தை விட ரொம்ப வருஷம் தாங்கும்.

வாங்கறதுல ஒரு அடி பட்டேன், அதையும் சொல்லிடறேன். கடைல 0.40 மில்லிமீட்டர்னு சொல்லி பில்லு போட்டு குடுத்தாங்க. லாரில வந்து இறங்கினதும் சயா ஒரு ஷீட்டை மூலைல பிடிச்சு தூக்கி ஆட்டி பாத்துட்டு மூஞ்சியை சுளிச்சார். பக்கத்து ஒர்க்‌ஷாப்ல மைக்ரோமீட்டர் வாங்கி அளந்தா 0.34, அதுவும் பெயிண்ட்டோட சேர்த்து. மனசு அப்படி எரிஞ்சுது, தம்பி மாசா மாசம் சேர்த்து அனுப்பின காசு. திரும்ப லாரி பிடிச்சு போய் சண்டை போட்டு, பில்லுல எழுதியிருந்ததால மட்டும்தான் மாத்தி குடுத்தாங்க. அதனால பில்லுல கனத்தை எழுத வைங்க, அது பெயிண்ட் சேர்த்தா சேர்க்காமலான்னு கேளுங்க, கடைலயே அளந்து பாருங்க. கேஜ் கணக்குல சொன்னா நம்பர் பெருசாக பெருசாக தகரம் மெலிசு, 26 கேஜ்னா 0.45 கிட்ட, 30னா 0.3 கிட்டதான் வரும்.

இன்னொண்ணு, ஷீட் வந்ததும் அடுக்கி தார்ப்பாய் போட்டு மூடி வச்சேன், ஏப்ரல் கடைசில ஒரு கோடைமழை வந்து அடுக்குக்கு நடுவுல தண்ணி போயிடுச்சு, நான் கவனிக்கலை. நல்லவேளை சயா பாத்தார். அப்படி ஈரத்தோட அடுக்கி வச்சா காத்து இல்லாம வெள்ளையா மாவு மாதிரி ஒரு துரு பூக்கும், பூச்சு அங்கயே செத்துடும். ஒவ்வொண்ணா பிரிச்சு துடைச்சு, நடுவுல குச்சி வச்சு, ஒரு பக்கம் சாய்ச்சு அடுக்கினோம், ராத்திரி ஒன்பது மணி ஆச்சு.

திஞ்சான், அதாவது பர்மா புத்தாண்டு, முடிஞ்சு ஆளுங்க வேலைக்கு திரும்பினதும் பழைய தகரத்தை பிரிச்சோம். மே நடுவுல மழை பிடிச்சுக்கும், கைல மூணு வாரம் கூட இல்ல. ஆணி வேண்டாம், எல்லாமே ஸ்க்ரூ, ரப்பர் வாஷர் வச்சது, அதுவும் அலையோட மேட்டுல, பள்ளத்துல கிடையாது, பள்ளத்துலதான் தண்ணி ஓடும். பியிங்கடோல ஸ்க்ரூ சும்மா இறங்காது, முதல்ல சின்ன ஓட்டை போட்டுக்கணும். ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கறதுங்கறதுல சயா ரொம்ப கண்டிப்பு. ஒரு சின்ன பையன் மெஷினை வச்சு இழுத்து முறுக்கிட்டே போனான், சயா கீழ இருந்து கத்தி நிறுத்தி என்னை ஏற்றி காட்டினார்: ரப்பர் தொப்பிக்கு வெளிய நாக்கு மாதிரி பிதுங்கி நிக்குது, வெயில்ல ரெண்டு வருஷத்துல வெடிச்சிடும். தொப்பி ஓரத்துல ரப்பர் லேசா எட்டி பாக்கணும், அவ்வளவுதான் அளவு. அன்னைக்கு போட்டதுல நாப்பது ஸ்க்ரூ கழட்டி புதுசு போட்டோம்.

எங்க பக்கம் மழைக்காத்து தென்மேற்குல இருந்து வரும், அதனால எதிர்ப்பக்கத்து ஓரத்துல இருந்து ஷீட் போட ஆரம்பிச்சு காத்து வர்ற திசையை நோக்கி வந்தோம், அப்பதான் மேல படியற ஓரத்துக்குள்ள காத்து தண்ணியை தள்ளாது. ஓரத்துலயும் மூலைலயும் முகட்டுலயும் ஸ்க்ரூ நெருக்கமா, காத்து தூக்கறது அங்க இருந்துதான். 2008 மே மாசம் நர்கீஸ் புயல் வந்தப்ப ரங்கூன்ல பெரியம்மா வீட்டு தகரம் முன்பக்க ஓரத்துல கிளம்பி வரிசையா சுருட்டிக்கிட்டு போனதை அவங்க வாயால கேட்டிருக்கேன், அதனால இதுல நான் கஞ்சத்தனம் பண்ணலை. முன் தாழ்வாரத்து சாய்வு முன்னாடி பன்னெண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குலம்தான், தண்ணி நின்னு யோசிச்சுத்தான் இறங்கும், அதை மூணு அங்குலமா தூக்கினோம். முகட்டுக்கு அடில கம்பிவலை வச்சு காத்து போக வழி விட்டோம், தகரத்துக்கு அடில பளபளன்னு இருக்கற ஃபாயில் விரிச்சோம். இப்ப ஜனவரில சொட்டு விழறது இல்ல. மழை சத்தம் குறைஞ்சுதான்னு கேட்டீங்கன்னா, கொஞ்சம். ஆகஸ்ட்ல இன்னும் கத்தித்தான் பேசணும்.

ரெண்டு சின்ன விஷயம், யாரும் சொல்லித் தர மாட்டாங்க. தகரத்தை கிரைண்டர் மாதிரி சுத்தற மெஷின்ல அறுக்க விடாதீங்க, தெறிக்கற பொறி புது ஷீட் மேல ஒட்டி ஒவ்வொண்ணும் ஒரு துருப்புள்ளி ஆகும், பூச்சும் கருகும், கத்திரிதான். அப்புறம் செம்புக்கம்பி. பழைய கூரைல டிஷ் ஆன்டெனாவுக்கு போட்ட கம்பி கிடந்த இடத்துக்கு கீழ நேர்கோடா துரு பிடிச்சிருந்துச்சு, செம்பு மேல பட்டு வழியற தண்ணி துத்தநாகத்தை தின்னுடும். ஓரம் அடைக்க சிலிக்கான் வாங்கினா காடி வாசனை அடிக்கறது வேண்டாம், அதுல வர்ற அமிலமும் தகரத்துக்கு ஆகாது.

பராமரிப்புன்னு நான் செய்யறது இதுதான். மழை நின்னதும், நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மாசம் ஒரு தடவை கிணத்துத் தண்ணில ஹோஸ் வச்சு இறவாரத்து அடிப்பக்கம், கூரைத் தண்ணி ஓடற பீலி, ஸ்க்ரூ தலை எல்லாம் கழுவறேன். அந்த ஆறு மாசம் மழை இல்லாததால மேல்பக்கமும் உப்பு சேரும், அதையும் கழுவணும். பக்கத்துல ரெண்டு தென்னை, ஒரு பலா, அதோட சருகு ரெண்டு கூரை சேர்ற வாய்க்கால்ல அடைஞ்சா ஈரமாவே கிடந்து அடில அரிச்சிடும், மே மாசம் முதல் வாரம் கட்டாயம் அள்ளிடுவேன், மழைக்கு நடுவுல வெறிச்ச நாள் கிடைச்சா இன்னொரு தடவை. பாசி பிடிச்சா மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷும் தண்ணியும் போதும், கம்பி பிரஷ் கூடவே கூடாது. கீறல் தெரிஞ்சா அன்னைக்கே பெயிண்ட். தனியா ஏறாதீங்க, கால் வைக்கறது ஸ்க்ரூ வரிசைல மட்டும், அங்கதான் அடில சட்டம் இருக்கு.

இந்த ஆகஸ்ட்ல மச்சுல ஏறி கதவை சாத்தி இருட்டுல உக்காந்து பாத்தேன், ஒரே ஒரு புள்ளி, பின்பக்கம் சமையக்கட்டு சேர்ற இடத்துல. அந்த சமையக்கட்டு கூரை மட்டும் இன்னும் அப்பா போட்ட தகரம், காசு பத்தாம விட்டது. விறகடுப்பு புகையும் உப்பும் சேர்ந்து அது ரொம்ப நாள் தாங்காது. தம்பிகிட்ட சொல்லியிருக்கேன், சயாவும் பனிக்காலத்துல வந்து அளந்து தரேன்னிருக்கார். இந்த தடவை மைக்ரோமீட்டரை நான் கையோட கடைக்கு எடுத்துட்டு போறேன்.