வெட்பாலைத் தைலம்: மூன்று ஈடு வீண், நான்காவது தேறியது

நான்காவது ஈட்டில் நல்ல கத்தரிப்பூ நிறம். பூஞ்சை இல்லை, சிக்கு வாடை இல்லை. முந்தைய மூன்றும் குப்பைக்குப் போயின. ஒன்று கடைசிவரை பச்சையாகவே நின்றது. ஒன்று ஐந்தாம் நாளே பூஞ்சை பிடித்தது. மூன்றாவதில் நிறம் அருமை, ஆனால் ஒரே மாதத்தில் சோப்பு வாடை. மூன்றையும் கெடுத்தது இலையிலுள்ள தண்ணீர்தான்: முதலாவதில் போதவில்லை, மற்ற இரண்டில் மிஞ்சிவிட்டது.

வெட்பாலை நீலச் சாயம் எடுக்கப்பட்ட மரம். ஆனால் இலைக்குள் சாயம் சாயமாக இருப்பதில்லை. நிறமில்லாத ஒரு முன்பொருள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. இலை கிழிபட்டதும் நொதி அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிடும். மீதி காற்றுப் பட்டு இண்டிகோவாகவும் இண்டிருபினாகவும் மாறும். நீல இண்டிகோ எண்ணெயில் ஏறக்குறைய கரையாது; சிவப்பு இண்டிருபின் கொஞ்சம் கரையும். தைலம் ஊதாவாகவும் அடிவண்டல் நீலமாகவும் இருப்பது அதனால்தான். நொதிக்கு ஈரம் வேண்டும், கொதி ஆகாது. காய்ந்த பொடியை ஊறப்போட்டாலும், பச்சை இலையை அடுப்பில் காய்ச்சினாலும் பச்சையம் மட்டும்தான் இறங்கும். இதற்கு சூரியபுடம், அதாவது இலையை எண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பது, ஒன்றே வழி.

இலையே தப்பாகவும் இருக்கலாம். குடசப்பாலையை வெட்பாலை என்று கொடுத்துவிடுகிறார்கள். காய் இருந்தால் சந்தேகம் தீரும்: வெட்பாலையில் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டியிருக்கும், குடசப்பாலையில் தனித்தனியாகத் தொங்கும். நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த இலைதான் கிடைக்கும், இதற்கு உதவாது. மரத்தடியிலிருந்து அன்றே பறித்து வந்தால்தான் உண்டு.

இந்த முறை அளவு: பச்சை இலை 300 கிராம், செக்குத் தேங்காய் எண்ணெய் 600 கிராம். கழுவித் துடைத்து, நிழலில் மின்விசிறிக்குக் கீழே பரப்பி, எடை 200 கிராமுக்கு இறங்கும்வரை வாடவிட்டது. தராசு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மடித்தால் இலை துவள வேண்டும். நொறுங்கினால் கூடுதலாகக் காய்ந்துவிட்டது. பிறகு கையால் கிழித்து உடனே எண்ணெயில். மேலே மிதக்கும் இலையில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும், ஆகவே சிறு பீங்கான் தட்டு ஒன்றைப் பாரமாக வைத்து அமுக்க வேண்டும்.

பகலில் வெயில், பாத்திரத்தின் வாய்க்குத் துணி; இரவில் மூடி. காலையில் மூடியின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருக்கும்; அதைத் துடைக்காமல் திறந்தால் அத்தனையும் திரும்ப உள்ளேதான் விழும். இரண்டாவது ஈடு கெட்டது இதனால்தான். மூன்றாம் நாள் ஊதா தெரிந்தது, ஆறாம் நாள் வடிகட்டியது. சக்கையை முறுக்கிப் பிழியக் கூடாது. நாலு சொட்டு எண்ணெய்க்கு ஆசைப்பட்டால் இலைச்சாறு முழுக்க இறங்கிவிடும்.

வடித்ததோடு வேலை முடிந்தது என்றுதான் மூன்றாவது ஈட்டில் விட்டுவிட்டது. எண்ணெய் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் தங்கிய துளி நீர் மெல்ல மெல்ல எண்ணெயைச் சிதைத்து லாரிக் அமிலத்தைப் பிரித்துவிடும். சோப்பு வாடை அதுதான். வைட்டமின் ஈ சேர்த்தால் கெடாது என்பவர்களுக்கு: அது காற்றால் வரும் காறலைத் தள்ளிப்போடும், தண்ணீரால் வரும் கேட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இப்போது பிடிபட்ட வழி: வடித்ததை இரண்டு நாள் தெளியவிட்டு, மேல் எண்ணெயை மட்டும் குறுகிய வாய்ப் புட்டியில் ஊற்றி, இறுக மூடி, தலைகீழாகக் குளிர்பெட்டியில் நிறுத்துங்கள் (உறைபெட்டியில் வேண்டாம், நீரும் உறைந்துவிடும்). நீர் கனமானது, மூடிப் பக்கம் இறங்கிவிடும். எண்ணெய் அதன் மேல் கட்டியாகும். கவிழ்த்தபடியே மூடியைத் திறந்தால் பழுப்பு நீர் தானாக ஒழுகிவிடும். மிச்ச ஈரத்துக்கு 60 பாகை வெந்நீரில் புட்டியைத் திறந்து அரை மணி நேரம் வையுங்கள். பிறகு பழைய சோதனை: திரியில் தோய்த்துக் கொளுத்தினால் சடசடக்கக் கூடாது. முதல் தடவை சடசடத்தது. இன்னொரு அரை மணி வைத்ததும் அமைதியாக எரிந்தது.

விற்பனைத் தைலங்களில் நிறம் சந்தேகமாக இருந்தால், சில துளியோடு சலவைச் சோடா கரைத்த நீரைக் குலுக்கிப் பாருங்கள். வேம்பாளம்பட்டையின் சிவப்பு காரத்தில் நீலமாகத் திரியும். வெட்பாலையின் ஊதா அப்படி மாறாது. வெறும் தண்ணீரிலேயே நிறம் இறங்கினால் அது மிட்டாய்ச் சாயம்.

முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்த்த பிறகே மற்ற இடங்களுக்கு. பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் அடிப்படையே ஒத்துவராது. சித்த மருத்துவத்தில் இது செதில் படைக்கானது என்றாலும், வெடித்துக் கசியும் தோலில் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். தலையணை உறைக்கு இது நிரந்தரச் சாயம்.

அடுத்து இதே தைலத்தில் களிம்பு: 5 பங்குக்கு 1 பங்கு தேன்மெழுகு. வல்லாரையையும் தொட வேண்டும், ஆனால் எண்ணெயில் அல்ல. வல்லாரையின் முக்கியச் சத்தான ஏசியாடிகோசைடு எண்ணெயில் இறங்காது, நீர் கலந்த ஆல்கஹால்தான் வேண்டும். அதற்குமுன், இந்த ஈட்டின் இரண்டாவது புட்டி இன்னும் குளிர்பெட்டியில் தலைகீழாக நிற்கிறது. மூடியோரம் ஒரு விரல் உயரத்துக்குப் பழுப்பு நீர்.