ஜாஸ் ட்ரியோ: பாஸிலிருந்து கேட்கத் தொடங்குவது

ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரின் 'அன்ஈஸி' (2021), 'கம்பேஷன்' (2024) இசைவட்டுகள் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பிடிபடலையே" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். பாதிக் கோளாறு கேட்கிற கருவியிலேயே இருக்கிறது. மீதி, காதை எங்கே வைக்கிறோம் என்பதில்.

இரண்டுமே ஈசிஎம் என்ற இசை நிறுவனத்தின் வெளியீடு, ஒரே மூவர் (ட்ரியோ): ஐயர் பியானோ, லிண்டா மே ஹான் ஓ டபுள் பாஸ் (நின்றபடி வாசிக்கும், வயலின் வடிவப் பெரிய தந்திக் கருவி; சுருக்கமாக பாஸ்), டைஷான் சோரி டிரம்ஸ். ஐயர் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர் என்பதால் நம் ஆட்கள் பியானோவையே துரத்திக்கொண்டு போகிறார்கள். அது சீக்கிரமே கையை விட்டுப் போய்விடும். வழி தெரிய வேண்டுமென்றால் லிண்டாவின் பாஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த பாஸ் போன் ஸ்பீக்கரில் வராது. டபுள் பாஸின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ், மேல் தந்தி 98. போன் ஸ்பீக்கர் இந்த எல்லைக்கு இறங்கவே இறங்காது. சுரத்தோடு கூடவே எழும் மேல் ஒத்திசைகள் மட்டும் வருவதால் பாஸ் வாசிப்பது 'டொக் டொக்' என்று தட்டுவதாகத்தான் கேட்கும். சாதாரண இயர்போன் போதும், ஆனால் காதை நன்றாக அடைக்க வேண்டும். ரப்பர் முனை சின்னதாக இருந்து காற்றுப் போனால் முதலில் காணாமல் போவது கீழ் சுரங்கள்தான். பெட்டியில் வேறு அளவு முனைகள் இருக்கும், மாற்றிப் பாருங்கள்.

பாஸ் கேட்கவில்லையே என்று ஈக்வலைசரில் 'பாஸ் பூஸ்ட்' போட்டுவிடாதீர்கள். ராக் டிரம்ஸில் கால் டிரம் பெரும்பாலும் 22 அங்குலம். ஜாஸில் வழக்கமாக 18 அங்குலம், தோலையும் இறுக்கி வைத்திருப்பார்கள், அடித்தால் சுரம்போல நின்று ஒலிக்கும். பூஸ்ட் போட்டால் அதுவும் பாஸும் சேர்ந்து குழம்பிவிடும். செயலியில் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலக்கும் வசதி) 0-வில் வையுங்கள். ஈசிஎம் வட்டுகள் சில விநாடி மௌனத்துக்குப் பிறகே தொடங்கும் வழக்கம் உள்ளவை, கிராஸ்ஃபேட் அதைத் தின்றுவிடும். ஒலி அளவைச் சமன்செய்யும் அமைப்பில் 'லவுட்' என்று இருந்தால் 'நார்மல்' ஆக்குங்கள். லவுடில் உச்ச ஒலியை அமுக்கும் லிமிட்டர் புகுந்து, சோரி மெல்ல ஆரம்பித்து ஏற்றிக்கொண்டு போகும் இடங்களைத் தட்டையாக்கும். பைக்கில் போகும்போது கேட்பதில் பயனே இல்லை.

இனி பாட்டுக்கு வருவோம். 'அன்ஈஸி'யில் மூன்றாவது உருப்படி 'நைட் அண்ட் டே'. கோல் போர்ட்டரின் பழைய மெட்டு, பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. முதலில் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1956-ல் பாடிய பதிவு, அடுத்து 1964-ல் பதிவான, சாக்ஸஃபோன் கலைஞர் ஜோ ஹென்டர்சனின் 'இன்னர் அர்ஜ்' வட்டில் உள்ளது, அதற்கப்புறம் ஐயர். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

மெட்டின் கணக்கு 48 பார். வழக்கமான 32 பாரை எதிர்பார்த்து எண்ணுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். ஒரு பார் நான்கு அடி, ஆகவே இரண்டு பார் ஓர் ஆதி தாள ஆவர்த்தனம். எட்டு பார் ஒரு துண்டு, அதாவது நான்கு ஆவர்த்தனம். இப்படி ஆறு துண்டுகள்: ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று, இரண்டு, பிறகு புதிதாக மூன்று, கடைசியில் இரண்டு. அடியை எண்ண வேண்டாம், துண்டுக்கு ஒரு விரல் மடக்குங்கள். பாடகர்கள் சேர்க்கும் முன்னுரை வரிகள் கணக்கில் இல்லை. 'நைட் அண்ட் டே' என்ற சொற்களில்தான் முதல் பார்.

இரண்டாம் துண்டுக்கு ஓர் அடையாளம் உண்டு. முதல் ஐந்து பாரில் பாஸ், பாருக்கு ஒரு படியாக அரை அரை சுரமாய் இறங்கும். ஆதார சுரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் பிரதி மத்யமம், சுத்த மத்யமம், அந்தர காந்தாரம், சாதாரண காந்தாரம், சதுஸ்ருதி ரிஷபம். ஆறாம் பாரில் பஞ்சமம், ஏழில் ஸட்ஜம். இரண்டு மத்யமமும் இரண்டு காந்தாரமும் அடுத்தடுத்து வருவதால் எந்த மேளகர்த்தா ராகத்திலும் அடங்காது. அதனாலேயே நம் காதுக்குச் சட்டென்று தனித்துத் தெரியும். பாடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள், ஒரே நாளில் பிடிபடும்.

தாளம் தெரிந்தவர்களுக்கு வரும் தனிச் சிக்கல் ஒன்று. ஸ்விங் என்ற ஜாஸ் நடையில் ஹை-ஹாட் (காலால் மூடும் ஜோடித் தாளத் தட்டு) மூடுவது வழக்கமாக 2, 4 அடிகளில். கையில் ஆதி தாளம் போட்டுப் பழகியவர் அந்தச் சத்தத்தையே சமம் என்று எடுத்துக்கொள்வார், கணக்கு ஓரடி தள்ளிப் போய்விடும். ஹை-ஹாட்டில் கை தட்டாமல், அதற்கு முந்தைய அடியில் காலைத் தட்டுங்கள். சோரி அந்த 2, 4-ஐ எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. அதனால்தான் பழைய பதிவுகளில் பழகிக்கொண்டு இங்கே வரச் சொல்வது. மெட்டு மறைந்து கற்பனை வாசிப்பு நடக்கும்போதும் விரல் மடக்குவதை நிறுத்தாதீர்கள்; மெட்டு திரும்பி வரும் இடத்தில் நீங்களும் இருந்தால் கணக்கு சரி.

அடுத்தது சோரியின் சொந்த ட்ரியோ. 2024-ல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்ற இசையமைப்பாளர், இங்கே பெரும்பாலும் பிறர் மெட்டுகளையே வாசிக்கிறார். 'மெஸ்மரிசம்' (2022) வட்டில் ஆரன் டீல் பியானோ, மாட் ப்ரூவர் பாஸ். 'ஆட்டம் லீவ்ஸ்' அதில் இருக்கிறது, 32 பார், கைக்கு அடக்கம். 'தி சஸெப்டிபிள் நவ்' (2024) வட்டில் பாஸ் ஹரீஷ் ராகவன். நான்கே உருப்படிகள், எல்லாம் நீளம். அதில் முதலில் கை வைத்தால் சலித்துவிடும்.

பாஸ் பழகியபின் அம்ப்ரோஸ் அகின்முசிரியின் 'அவுல் சாங்' (2023). டிரம்பெட், பில் ஃப்ரிசெல்லின் கிட்டார், ஹெர்லின் ரைலியின் டிரம்ஸ், பாஸே கிடையாது. வழக்கமான கிட்டாரின் கீழ்த் தந்தி 82 ஹெர்ட்ஸ், டபுள் பாஸுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே. அடி ஸ்தாயி காலியாகக் கிடப்பதால் ரைலியின் டாம்-டாமும் கால் டிரம்மும் பாதி பாஸ் வேலை செய்கின்றன. பூஸ்ட் போட்டுக் கேட்டால் இந்தக் காலியிடம் தெரியாது. வட்டின் அழகே அதில்தான் இருக்கிறது. ரைலி ஒவ்வொரு டிரம்மையும் எந்தச் சுருதியில் வைத்திருக்கிறார் என்று கவனித்தபடி கேளுங்கள்.