பாட்டுக் கேட்டுப் பிரெஞ்சு படிக்கலாமா? காரைக்காலிலிருந்து ஒரு டெல்ஃப் அனுபவம்

டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி1 நிலை தேறியதிலிருந்து ஊரில் தெரிந்தவர்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "ஏம்மா, பாட்டுக் கேட்டே உனக்குப் பிரெஞ்சு வந்துடுச்சாமே, எங்க பிள்ளையும் அப்படிப் படிக்கலாமா?" காரைக்காலில் இந்தக் கேள்விக்கு ஆள் குறையாது. 1739-இல் தஞ்சை மராத்திய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர், 1954 நவம்பர் 1-இல்தான் இந்தியாவோடு சேர்ந்தது. இன்றைக்கும் பல வீடுகளில் பிரான்சில் ஒரு மாமாவோ சின்னம்மாவோ உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய தாத்தா வாழ்ந்த வீட்டுக்குச் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு என்ற பெயர் இன்னும் போகவில்லை. ஆகவே இந்தப் பக்கத்தில் பிரெஞ்சு படிப்பு வெறும் பொழுதுபோக்கு இல்லை. விசா, கல்யாணம், மேல்படிப்பு, வேலை எல்லாம் அதில் தொங்குகின்றன.

என் பதில்: கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கேட்டால் மட்டும் மொழி வராது. இதற்கு டெல்டாக்காரர்களுக்கு வேறு சாட்சி தேவையே இல்லை. திருவையாற்றில் ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜருக்கு ஆராதனை நடக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக உட்கார்ந்து அவருடைய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்னம் பாடுகிறார்கள். ஐந்தில் நாட்டை ராகக் கீர்த்தனை சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. பாடுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு வீட்டு மொழி தமிழ். என் பெரியம்மாவே ஒரு கச்சேரிக்குப் போதுமான தெலுங்குக் கீர்த்தனைகளை வரி பிசகாமல் பாடுவார். திருப்பதிக்குப் போனால் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தமிழில்தான் கேட்பார், அதுவும் கையைக் காட்டி. இத்தனை வருஷப் பாட்டில் தெலுங்கு அவர் வாய்க்கு வந்துவிட்டது. பேச்சுக்கு வரவில்லை. சொற்கள் மெட்டுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கின்றன.

பாட்டால் ஒரு பயனும் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 60 பெரியவர்களுக்கு முன்பின் தெரியாத ஹங்கேரிய மொழித் தொடர்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு குழு கேட்டதைப் பேச்சாகத் திருப்பிச் சொன்னது, ஒரு குழு தாளக்கட்டோடு சொன்னது, ஒரு குழு பாடியது. கேட்டதை ஹங்கேரிய மொழியிலேயே திருப்பிச் சொல்லும் சோதனைகளில் பாடியவர்கள்தான் முந்தினார்கள். பயிற்சி வெறும் 15 நிமிடம், அதுவும் குட்டிக் குட்டித் தொடர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மனப்பாடத்துக்குப் பாட்டு உதவும் என்பதுவரை அந்த ஆய்வு நமக்குச் சொல்கிறது. மனப்பாடம் ஆன பிறகு என்ன செய்வது என்பதுதான் நம்முடைய பிரச்சினை.

முதலில் எனக்குப் பாட்டு உண்மையாகவே கைகொடுத்த இடங்களைச் சொல்கிறேன்.

பெரியது மூக்கொலி. பிரெஞ்சில் பல சொற்கள் எழுத்தில் 'ன்' வைத்து முடியும், உச்சரிப்பில் அந்த 'ன்' இருக்காது. உயிரெழுத்தே மூக்கு வழியாகப் போகும். நம் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்துவிட்டு அழுத்தமாக ஒரு 'ன்' வைத்து முடிப்பார்கள். சாதாரணப் பேச்சில் இந்த ஒலி கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிறது, 'ன்' இருந்ததா இல்லையா என்று காதுக்குத் தெரியாது. பாட்டில் அப்படியில்லை. அடியின் கடைசியில் பாடகர் அந்த ஒலியை நாலு எண்ணிக்கை நீட்டிப் பிடிக்கும்போது நாக்கு எங்கேயும் தொடவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது: இது நமக்குப் புது ஒலியே இல்லை. பேசும்போது 'நாங்க போனோம்' என்பதில் கடைசி 'ம்'முக்கு யார் உதட்டை மூடுகிறோம்? 'வந்தான்' என்பதில் கடைசியில் நாக்கு மேலே தொடுகிறதா? மூக்கில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம். அந்த 'போனோம்' ஈற்றை அப்படியே எடுத்துப் பிரெஞ்சுச் சொல்லில் வையுங்கள், முக்கால்வாசி வேலை முடிந்தது.

அடுத்தது சொற்கள் ஒட்டிக்கொள்வது. தனியாக நிற்கும்போது ஊமையாக இருக்கும் ஈற்றெழுத்து, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் வாய் திறந்துவிடும். 'நண்பர்கள்' என்பதற்கு 'லே', 'அமி' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தால் 'லே ஸாமி' என்று காதில் விழும். (யாரோ சாமியைக் கூப்பிடுகிறார்கள் என்று என் தம்பி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.) மெய்யின் மேல் உயிர் வந்து ஏறுவது நன்னூல் படித்தவர்களுக்குப் பழைய சமாசாரம்தான். ஆனால் விதி தெரிவது வேறு, ஓடும் பேச்சில் அதைப் பிரித்துக் கேட்பது வேறு. மெட்டில் அசை எங்கே விழுகிறது என்று தாளம் போட்டுக் கேட்டால் ஒட்டு எங்கே இருக்கிறது என்று பிடிபடும்.

மூன்றாவதைப் பாடப்புத்தகம் எனக்குச் சொல்லவில்லை. 'நான் உன்னைத் தேடுகிறேன்' என்பது பிரெஞ்சில் 'ஜ த ஷெர்ஷ்'. நான், உன்னை, தேடுகிறேன் என்று தமிழ் வரிசையிலேயே நிற்கிறது. பள்ளியில் ஆங்கிலம் படித்த மூளைதான் 'உன்னை'யைத் தூக்கிக் கடைசியில் போடப் பார்க்கும். பிரெஞ்சுப் பாட்டுகளில் பாதி காதல், மீதி பிரிவு. அதனால் 'நான் உன்னை', 'நீ என்னை' அடிக்கு அடி வந்துகொண்டே இருக்கும். கேட்டுக் கேட்டு அந்த வரிசை தானாகப் படிந்துவிடும். இலக்கணப் பயிற்சித்தாளில் இதற்காக மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

இனி, பாட்டு ஏமாற்றும் இடங்கள். பேச்சில் விழுங்கிவிடும் ஈற்று அகரத்தைப் பாட்டில் உச்சரிப்பார்கள். உலகத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் பாடும் 'ஃப்ரேர் ஜாக்' பாட்டையே கேளுங்கள்: பேச்சில் இரண்டே அசை, பாட்டில் 'ஃப்ரே-ர ஜா-க' என்று நாலு. பாட்டில் கற்ற சொல்லை அப்படியே நேர்முகத்தில் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் தொங்கும். (எழுத்துப் பிழை திருத்த மட்டும் அந்த வால் உதவும். சொல்லின் கடைசியில் ஓர் எழுத்து ஒளிந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.) அப்புறம் ரகரம். பிரெஞ்சுப் பாடகி எதித் பியாஃப் (1915–1963) அதைத் தொண்டையில் உருட்டு உருட்டென்று உருட்டுவார். கேட்க அருமை, ஆனால் இன்றைக்குச் செய்தி வாசிப்பவர் அப்படி வாசிக்க மாட்டார். ராப் பாட்டை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். வேகம் போகட்டும், அசைகளை முன்பின்னாகப் புரட்டிப் போடும் தெருப்பேச்சு அதில் நிறைய, தேர்வுக்கு ஒன்றும் ஆகாது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்து 'நீ'. பாட்டில் எல்லோரும் எல்லோரையும் 'தூ' என்றுதான் கூப்பிடுவார்கள், அதாவது 'நீ'. தேர்வு அறையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் 'வூ', அதாவது 'நீங்கள்'. தஞ்சாவூர்ப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த மரியாதையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லைதான். ஆனால் பாட்டிலேயே ஊறிய நாக்குக்கு 'தூ'வுக்கான வினை வடிவம்தான் முதலில் வரும்.

இப்போது வேலைக்கு வருவோம். ஒரு பாட்டை எடுத்தால் அதை மெட்டிலிருந்து கழற்றும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். முதலில் வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள், எது காதில் தங்குகிறதோ தங்கட்டும். பிறகு ஓர் அடி, நிறுத்து, நோட்டில் எழுது. இது அலுப்பான வேலை, அப்படியும் செய்யத்தான் வேண்டும். ஏனென்றால் பிரெஞ்சில் காது பாதியைத்தான் சொல்லும். தேடிய, தேட, தேடுகிறீர்கள் இந்த மூன்றும் காதுக்கு ஒரே 'ஷெர்ஷே'. எழுதும்போது மூன்றுக்கும் ஈறு வேறு. எது வரும் என்று யோசித்து எழுதினால்தான் இலக்கணம் வேலை செய்கிறது. பிறகு பாடகரின் சொந்த சேனலில் வரும் வரிகளோடு ஒப்பிடுங்கள். தானாக ஓடும் சப்டைட்டிலையும், யார் யாரோ எழுதிப் போட்ட வரிகளையும் நம்பாதீர்கள். அவற்றிலும் இதே ஈற்றுப் பிழைகள்தான் மலிந்திருக்கும்.

அதன்பின் முக்கியமான கட்டம்: மெட்டில்லாமல் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதாக நினைத்துச் சாதாரணக் குரலில், வாலை வெட்டி, பேச்சு வேகத்தில். முதலில் மெட்டு இழுக்கும், வரி நினைவுக்கு வரவே பாட வேண்டியிருக்கும். அது விடும்வரை சொல்லுங்கள். பிறகு வரியை உடைத்து மாற்றுங்கள். 'ஜ த ஷெர்ஷ்' என்று கிடைத்ததா? தேடினேன் என்றால் 'ஜ தே ஷெர்ஷே'. அவள் என்னைத் தேடினாள் என்றால் 'எல் மா ஷெர்ஷே'. நான் உன்னைத் தேடவில்லை என்றால் 'ஜ ந த ஷெர்ஷ் பா'. கடைசியில் கட்டாயமாக 'வூ'வுக்கு மாற்றுங்கள்: 'வூ ம ஷெர்ஷே?', நீங்கள் என்னைத் தேடுகிறீர்களா? ஒரு காதல் வரி, அலுவலகத்தில் கேட்கும் கேள்வியாகிவிட்டது. இப்படி ஒரு பாட்டில் நாலு வரியை உடைத்தால் போதும். முழுப் பாட்டையும் உடைக்க நினைத்தால் பாட்டு பிடிக்காமல் போய்விடும், அது வீண்.

மெட்டைக் கழற்றுவதற்கு நேர் எதிரான ஒரு வேலையும் செய்தேன், அது மனப்பாடத்துக்கு. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் போட்டதை நோட்டுஸ்வரம் என்று பாடுகிறார்கள் இல்லையா, அதைத் திருப்பிப் போட்டேன். 'இரு' என்ற வினையின் ஆறு வடிவங்கள் சுய், ஏ, ஏ, ஸோம், எத், ஸோன். ரூபக தாளத்துக்கு அட்சரம் ஆறு. கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. முறைப்படி பாட்டுக் கற்காதவர்கள் கும்மி மெட்டிலோ தாலாட்டிலோ போட்டுக்கொள்ளலாம், பிரெஞ்சு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ஒழுங்கில்லாத வினைகளை எல்லாம் இப்படித்தான் அடுப்படியில் முணுமுணுத்துப் படித்தேன்.

கேட்பதற்கு எனக்கு அதிகம் கிடைத்தது பஸ் நேரம். காரைக்காலில் ஏறினால் தரங்கம்பாடி, சீர்காழி, கொள்ளிடம் பாலம், சிதம்பரம், கடலூர் தாண்டித்தான் புதுச்சேரி. தனியார் பஸ்ஸில் டிரைவர் போடும் பாட்டோடு இயர்போன் போட்டி போட முடியாது. அந்தப் பஸ்ஸில் கேட்காதீர்கள், முன்பே எழுதி வைத்த வரிகளை உடைத்து மாற்றும் வேலையை மனசுக்குள் செய்யுங்கள்.

தேர்வைப் பற்றி. டெல்ஃப் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் சான்றிதழ், காலாவதி கிடையாது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25, மொத்தம் 100. தேற 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. பி1 கேட்டல் பகுதியில் மூன்று ஒலிப்பதிவுகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை ஒலிக்கும், சுமார் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு பேர் உரையாடல், வானொலித் துண்டு என்றுதான் வரும், பாட்டு வராது. ஆகவே தொடக்க நிலைகளான ஏ1, ஏ2 வரை பாட்டுக்கு நிறைய இடம் கொடுங்கள், பி1 நெருங்க நெருங்கக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலியில் எளிய பிரெஞ்சுச் செய்தி தினமும் 10 நிமிடம் வருகிறது. டிவி5மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் தளத்தில் ஏ1 முதல் பி2 வரை பயிற்சிகள் இலவசம். பாட்டில் பழகிய அதே முறையை, நிறுத்தி எழுதி ஒப்பிட்டு உடைப்பதை, செய்திக்கும் செய்யுங்கள். கடைசி மாதத்தில் பாட்டை அடியோடு நிறுத்திவிட்டு மாதிரி வினாத்தாள் மட்டும் போடுவது நல்லது. அவை தேர்வை நடத்தும் நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும்.

வாய்மொழித் தேர்வு சுமார் 15 நிமிடம், மூன்று பகுதி. முதலில் உங்களைப் பற்றிய பேச்சு, அடுத்து ஒரு சூழ்நிலையை நடித்துப் பேசுவது, கடைசியில் ஒரு சிறு கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்வது. தயாரிக்க 10 நிமிடம் கொடுப்பது கடைசிப் பகுதிக்கு மட்டும். முதல் பகுதியில் பொழுதுபோக்கு பற்றிய பேச்சு வந்தால் பாட்டை இழுத்துவிடுங்கள். யார் பாட்டு, ஏன் பிடிக்கும், நம் ஊர்ப் பாட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று பேச உங்களிடம் சரக்கு இருக்கும்.

நம் பக்கத்துக்கு வசதியான தேர்வு மையம் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸ், பிரெஞ்சு சொல்லித்தரும் நிறுவனம், 1889-இலிருந்து இருப்பது. எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் வேறு வேறு நாளில் வரலாம், நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து நேரே பரீட்சைக்குப் போகிற யோசனையை விட்டுவிடுங்கள். கேட்டல் ஒலிப்பதிவு ஓடத் தொடங்கிய பிறகு உள்ளே போய் ஒன்றும் செய்ய முடியாது. முந்தின நாள் சாயங்காலமே போய்த் தங்கிவிடுங்கள்.