பெயரில் காவேரி, ஊரில் பெண்ணை

வெளியூரில் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் காவேரிப்பட்டணம் என்பேன். பாதிப்பேர் உடனே "பூம்புகார் பக்கமா?" என்பார்கள். இல்லைங்க, கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகிற வழியில் என்று சொல்லி, எங்கள் ஊரில் ஓடுவது காவேரி இல்லை, தென்பெண்ணை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். இருபது வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி அந்த ஆற்றின் மேல் எனக்கு ஒரு உரிமை வந்துவிட்டது.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் இருக்கிற கே.ஆர்.பி. அணையில் தேங்கி, அங்கிருந்து எங்களிடம் வந்து, அப்புறம் சாத்தனூர் வழியாகக் கடலூரில் கடலில் சேருகிற ஆறு இது. மைசூர்ப் பக்கமிருந்து கீழே சமவெளிக்கு இறங்குகிற வழியில் பாராமகால் என்று அப்போது சொன்ன நம் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமை இருந்ததால் அந்தக் காலத்தில் படைகள் வந்துபோகாத வருஷம் குறைவு. 1767 ஆகஸ்டில், முதல் மைசூர்ப் போரின்போது, ஹைதர் அலி எங்கள் ஊரிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காவல்படையை முற்றுகையிட்டுப் பிடித்தார். அடுத்த சில நாளிலேயே செங்கத்தில் பெரிய சண்டை. பள்ளிக்கூடத்தில் மைசூர்ப் போரைப் படித்தோம், அது நம் ஊரிலும் நடந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

போனவர்களும் வந்தவர்களும் விட்டுப்போனது பேச்சில் இருக்கிறது. சந்தையில் அரைமணி நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் காதில் விழும். எங்கள் ஊர் நிப்பட்டு ஊருக்கு வெளியிலும் பேர்போனது, அந்தப் பெயரே கன்னடத்திலிருந்து வந்ததுதான். வேர்க்கடலை நறநறவென்று பல்லில் படுகிற அந்தத் தட்டையை ஊருக்கு வருகிறவர்கள் பொட்டலம் பொட்டலமாக வாங்கிப் போவார்கள்.

காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டிய கே.ஆர்.பி. அணைதான் எங்கள் பக்கத்து வயலுக்குச் சோறு போடுகிறது. இடது கால்வாய், வலது கால்வாய் இரண்டிலுமாக 9,012 ஏக்கர் பாசனம். ஆனால் அணை வந்தபிறகு ஆறு எப்போது வரும் என்பதை மதகுதான் முடிவு செய்கிறது. 52 அடி அணை நிறையப் போகிறது என்றால் முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள், இப்போது ஒலிபெருக்கி வரும். 2017 நவம்பர் 29 அன்று முதல் மதகின் ஷட்டர் உடைந்து தண்ணீர் பாய்ந்தபோது ஊரே பாலத்தில் வந்து நின்றது. ஒருபக்கம் பயம், இன்னொருபக்கம் ரெண்டாம் போகத்துக்கு வைத்திருந்த தண்ணீர் கண் முன்னால் போகிறதே என்ற வயிற்றெரிச்சல். என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

மற்ற நாட்களில் ஊர் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கடைகளெல்லாம் ரோட்டைப் பார்த்து, குப்பையெல்லாம் கரையைப் பார்த்து.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் அப்படி இல்லை. மகா சிவராத்திரி முடிந்து வரும் மாசி அமாவாசைக்கு மயானக் கொள்ளை. அங்காளம்மன் அலங்காரத்தோடு ஆற்றங்கரைக்குப் புறப்படும்போது காளி வேஷம் கட்டியவர்கள், வேண்டுதல்காரர்கள், பம்பை, உடுக்கை என்று தெருவே அதிரும், பெங்களூரில் வேலை பார்க்கிற பையன்கள் ராத்திரி பஸ் பிடித்து வந்து சேருவார்கள், பொங்கலுக்கு வராத அக்கா இதற்கு வந்துவிடுவாள். விளைந்த தானியம், காய்கறி, சில்லறை என்று அவரவர் கொண்டுவந்ததைச் சூறை விடுவார்கள். என் ஆயா முந்தானையை விரித்துப் பிடித்த கேழ்வரகை முடிச்சுப் போட்டு வைத்திருந்து, ஆடிப்பட்டத்தில் விதையோடு கலந்து விதைக்கும். "ஆத்தா குடுத்தது, மொளைக்காம போகாது" என்று அது சொன்னதை நான் இன்றுவரை நம்புகிறேன்.

அதே ஆயாதான் கோடையில் மணலில் ஊத்துத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தை நிரப்பும். அந்த இடத்தில் இப்போது மணலும் இல்லை, ஊத்தும் இல்லை, கோழிக்கழிவு மூட்டையும் சீமைக்கருவேலமும்தான். அம்மன் வந்து இறங்குகிற கரை இது. ஒருநாள் கும்பிட்டுவிட்டு மறுநாள் அங்கேயே குப்பை கொட்ட நமக்கு எப்படி மனசு வருகிறது?

போன வருஷம் திருவிழாவுக்கு முன்னால் நாங்கள் ஆறேழு பேர் ஒரு காலைப்பொழுது வேலை செய்ததில் ஒரு டிராக்டர் குப்பை வந்தது. இந்த வருஷமும் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு காலை ஆறு மணிக்கு இறங்குகிறோம். மண்வெட்டி, கையுறை எங்களிடம் இருக்கிறது, சாக்கு மட்டும் கொண்டுவாருங்கள்.