கம்பியில்லாமல் ஐந்து தாள்: பல்லின் கோணம் தீர்த்த சிக்கல்

ஸ்டேப்ளர் கம்பியும் பசையும் இல்லாமல், பற்களுக்கிடையே வைத்து நெரிப்பதனால் மட்டுமே 80 கிராம் (சதுர மீற்றருக்கு) ஏ4 தாள்கள் ஐந்தைப் பிணைக்கும் பொறி இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. மேல் தாளை மட்டும் பிடித்துக் குலுக்கினாலும் மற்ற நான்கும் கழன்று விழுவதில்லை. பிணைத்த இடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒரு கிழிசலும் தெரிவதில்லை. லேசர் அச்சுப்பொறியில் தாள் வெளிவரும் வாய்க்கும் தட்டுக்கும் இடையே அமர வேண்டும் என்பதால் உயரம் 40 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்திருந்தேன். மோட்டரை நீக்கிப் பார்த்தால் அதற்குள் அடங்கிவிட்டது. கனொன், ரிக்கோ ஆகியவற்றின் பெரிய நகலெடுப்பு இயந்திரங்கள் பலவற்றில் உள்ள கம்பியில்லாப் பிணைப்பும் ஏறத்தாழ ஐந்து தாளோடுதான் நிற்கிறது என்பதால், இந்த எண்ணிக்கை எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

சிக்கல் முழுவதும் பல்லின் கோணத்தில்தான் இருந்தது. 60 பாகைப் பற்களில் விசையைக் கூட்டக் கூட்டத் தாள் பல்லின் சரிவிலேயே கிழிந்தது. விசையைக் குறைத்தால் ஐந்தாவது தாள் கையோடு உரிந்து வந்தது. காரணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் எல்லாம் விளங்கியது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் செங்குத்தாக 0.5 மில்லிமீற்றர் விலகி நிற்கும்போது, அதாவது ஐந்து தாளின் முழுத் தடிப்பு இன்னும் பல்லின் நுனியில் இருக்கும்போதே, 60 பாகைச் சரிவில் உள்ள இடைவெளி அதன் கோசைன் அளவுக்கு, அதாவது 0.25 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடுகிறது. செலுலோசின் அடர்த்தி கன சென்றிமீற்றருக்கு ஏறத்தாழ 1.5 கிராம், அந்தக் கணக்கின்படி 80 கிராம் தாள்கள் ஐந்திலுள்ள காற்றையெல்லாம் பிழிந்து வெளியேற்றினாலும் எஞ்சும் தடிப்பு 0.27 மில்லிமீற்றர். இல்லாத இடத்துக்குள் தாளைத் திணிக்கும்போது அது கிழிவதைத் தவிர வேறு வழியில்லை. 90 பாகைப் பல்லில் சரிவு 45 பாகையாவதால் அதே நிலையில் 0.35 மில்லிமீற்றர் கிடைக்கிறது. நார்கள் நசுங்கி ஒன்றையொன்று கவ்வுவதற்கு அது போதும், அறுபடும் அளவுக்கு அது நெருக்கமில்லை.

கோணத்தை மாற்றுவதற்கு அரத்தை மாற்றினாலே போதுமானது. முப்பட்டை அரம் தானாகவே 60 பாகைப் பள்ளத்தைத் தரும். சதுர அரத்தை மூலை கீழே பார்க்கப் பிடித்தால் 90 பாகை வரும். ஒரே உருக்குச் சட்டத்தில் நீளமாகப் பற்களை அராவி, இரண்டாக அறுத்து, ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். அரைப்பல் தள்ளி நிற்க வேண்டும் என்பதை அளந்து குறிக்க முயல்வது வீண் வேலை. இரண்டையும் ஒன்றோடொன்று கோத்து இறுகப் பிடித்தால் அவை தாமே சரியான இடத்தில் அமர்ந்துவிடும். அந்த நிலையிலேயே வழிகாட்டும் ஊசிகளுக்கான துளைகளை இரண்டையும் ஊடுருவத் துளைத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு நுனியையும் நுண்ணிய எண்ணெய்க் கல்லில் மழுக்கினேன். கூர்மையான நுனி நாரை வெட்டுகிறது, மழுங்கிய நுனி நாரை வளைக்கிறது. இந்தப் பொறிக்கு வேண்டியது வளைப்பது மட்டுமே. நார் பெரும்பாலும் ஏ4 தாளின் நீளப் பக்கமாக ஓடுவதாலும், நாருக்குக் குறுக்கேதான் தாள் அதிகம் நெகிழ்ந்து கொடுப்பதாலும், பல் வரம்புகளைத் தாளின் நீள விளிம்புக்கு இணையாக வைத்திருக்கிறேன்.

அழுத்தும் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: மடங்கி நிமிரும் இரண்டு இணைப்புத் தகடுகள், அவை நேராகும் கணத்தில் பெருகும் விசை, அதைத் தாங்க வாய் பிளக்காத தடித்த சட்டம். திறக்கும்போது தாள் பல்லில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க, இரு பக்கமும் சைக்கிள் ரியூப் துண்டுகளை ஒட்டினேன். மோட்டர், கார்க் கண்ணாடி ஏற்றும் பழைய 12 வோல்ற்று மோட்டர். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து நண்பர் ஒருவர் வாங்கி இரவு ரயிலில் கொண்டுவந்தார். திருகுபோன்ற தண்டு பற்சில்லைச் சுழற்றும் புழுப் பற்சில்லு உள்ளதால் மின்சாரம் நின்றாலும் பின்வாங்காது. தட்டையான உருக்குச் சட்டமோ எண்ணெய்க் கல்லோ வேண்டுமென்றால் திருகோணமலை நகருக்குள்ளேயே கேட்டு எடுக்கலாம். நல்ல கியர் மோட்டருக்கு மட்டும் இன்னும் கொழும்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டம் முழுமையடையவில்லை. லேசர் அச்சுப்பொறியிலிருந்து சூடாக வெளிவரும் தாள், அதிலுள்ள ஈரலிப்பை இழந்து விறைத்திருப்பதால், புதுத் தாள் பொதியிலிருந்து நேரே எடுத்த தாளைவிட எளிதில் கிழிகிறது. ஆகவே ஐந்து தாளும் தட்டில் சேர்ந்தபின் சற்று ஆறவிட்டே நெரிக்கிறேன். மாறாக, மாரி காலத்தில் இங்குள்ள ஈரக் காற்றில் நார் ஊதி, நெரித்த மடிப்பு மெல்லத் தளரக்கூடும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் இப்போது பிணைத்து வைத்திருக்கும் கட்டுகளைத் திறந்த அலுமாரியில் வைத்துச் சோதிப்பேன். ஆயினும், மழைக்குக் காத்திராமல், தாள்களின் விளிம்பைத் தட்டி ஒழுங்குபடுத்தும் சிறு தகட்டை வரையத் தொடங்கிவிட்டேன். அதற்குப் பழைய அச்சுப்பொறியொன்றிலிருந்து கழற்றிய, சிறு சிறு படிகளாகத் திரும்பும் படிமுறை மோட்டர் கையில் இருக்கிறது; கார் மோட்டரின் பருமனைக் குறைக்கும் வேலை அதற்குப் பிறகுதான்.