காவடிக் கூட்டத்துக்குள் 24-70: கிராப் பாடிக்காரர்கள் வாங்கும் முன்

"பின்னாடி ஃபுல் ஃபிரேம் வாங்கத்தானே போறோம், லென்ஸை இப்பவே அதுக்கு வாங்கிடலாமே?" இந்த யோசனையில்தான் பலர் 24-70 எஃப் 2.8 லென்ஸ் (24 முதல் 70 மி.மீ. வரை ஜூம் ஆகும், துவாரம் எஃப் 2.8 வரை திறக்கும்) வாங்கி, கிராப் பாடியில், அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள கேமராவில், மாட்டிக்கொண்டு தைப்பூசத்துக்குக் கிளம்புகிறார்கள். என் பதில்: வேண்டாம்.

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ. நிக்கான், சோனி, ஃபியூஜி கிராப் சென்சார்கள் ஏறக்குறைய 23.5×15.6. கேனானுடையது இன்னும் கொஞ்சம் சிறியது. லென்ஸ் மாறுவதில்லை, சென்சார் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால் 24 மி.மீ., ஃபுல் ஃபிரேமில் 36 தரும் அளவுக்கே காட்டும். கேனானில் 38.

இதைக் காவடியில் வைத்துப் பாருங்கள். மயிற்பீலி உச்சியிலிருந்து பாதம் வரை 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும், கிராப் பாடியில் 24-க்கு நீங்கள் 2.5 மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளி நிற்க வேண்டும். மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் கைலாசம் கோயில் வாசலில் அவ்வளவு இடம் விட்டால் நடுவில் நாலு பேர் நுழைந்துவிடுவார்கள். 16 மி.மீ.க்கு 1.7 மீட்டர் போதும். 10-க்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆனால் ஓரத்தில் வரும் முகம் இழுபட்டுப்போகும். எனவே கிராப்புக்கென்றே வந்த 10-18, 10-20 வகை ஜூம்தான் இங்கே சரி. விலையும் எடையும் குறைவு. 24-70 எஃப் 2.8 பல 800 கிராமைத் தாண்டும்.

தூரத்தில் உள்ளதை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் வேறு கதை. ஃபுல் ஃபிரேமுக்கான 70-300, கிராப்பில் 105-450 போலக் காட்டும். கன்னத்தில் வேல் குத்தும்போது மூக்குக்கு நேரே கேமராவை நீட்டாமல் தள்ளி நின்று எடுக்கலாம். தீமிதியில் மட்டும் கவனம்: நீள லென்ஸில் தணலுக்கு மேலே பார்த்தால் காற்று நெளியும், படம் மழுங்கும். ஃபோகஸைக் குறை சொல்லிப் பயனில்லை. குழியின் பக்கவாட்டுக்கு நகருங்கள்.

எஃப் 2.8 எந்தச் சென்சாரிலும் எக்ஸ்போஷருக்கு (படத்தின் வெளிச்ச அளவுக்கு) எஃப் 2.8-தான். ஆனால் அதே சட்டத்தை (ஃபிரேமை) அதே இடத்திலிருந்து எடுத்தால், கிராப்பில் பின்னணி மங்குவது ஃபுல் ஃபிரேமின் எஃப் 4 அளவுதான்.

லென்ஸைப் பாடியில் பூட்டும் மௌன்டிலும் சிக்கவைக்கும் பொறிகள் உண்டு. கேனானின் கிராப் லென்ஸான இஎஃப்-எஸ் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. நிக்கானின் கிராப் லென்ஸான டிஎக்ஸ் மாட்டும், ஆனால் பாடி தானாகவே சட்டத்தைச் சுருக்கும்: 24 மெகாபிக்சல் ஏறக்குறைய 10 ஆகிவிடும். நிக்கான் டி3500, டி5600 பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை; பாடியின் மோட்டாரை நம்பியிருக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் கையால்தான் திருப்ப வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியே சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை. கியூர்பிப் போன்ற ஈர மேட்டு ஊரில் தோல் பைக்குள் மூடிக் கிடந்த லென்ஸ் என்றால் இரண்டு தடவை பாருங்கள். வாங்கியதை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால், ஜெல்லைக் காயவைக்க வேண்டிய நேரத்தை அதுவே காட்டும்.